அருங்காட்சியகக் காபிக் கடைக்கு பிராண்டு அடையாளம்: பானை, ஆவி, பார்டர் தவிர வேறென்ன?

கரிக்கோல் | திங்கள், இரவு 9.12

வணக்கம். ஒரு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டு மூன்று வாரமாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். சிறிய அருங்காட்சியகம். பாதிக்கு மேல் பானைகளும் பானை ஓடுகளும், மீதி நெசவு. தரைத்தளத்தில் முப்பது பேர் உட்காரும் அளவுக்குக் காபிக் கடை திறக்கிறார்கள். பெயர், லோகோ, கப், மெனு பலகை, பணியாளர் ஏப்ரன் எல்லாம் என் பொறுப்பு.

அவர்கள் தந்த குறிப்பு ஒரே வரி: "பண்பாடு தெரிய வேண்டும், ஆனால் நவீனமாக இருக்க வேண்டும்." முடிவெடுக்க ஏழு பேர் கொண்ட குழு. ஏழு பேருக்கும் பண்பாடு என்றால் ஏழு பொருள்.

மூன்று மாதிரி செய்தேன். ஒன்றில் பானை உருவம், வாயிலிருந்து ஆவி. இன்னொன்றில் காட்சியில் இருக்கும் ஒரு துணியின் பார்டர் கப்பைச் சுற்றி ஓடுகிறது. மூன்றாவதில் கடைப் பெயர் கல்வெட்டு எழுத்துச் சாயலில் இருக்கிறது. சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தால் மூன்றுமே விமான நிலையத்துப் பரிசுப்பொருள் கடை மாதிரி இருக்கின்றன. எங்கே சறுக்குகிறேன்?

அச்சுமை | திங்கள், இரவு 10.05

பானையில் ஆவி வருவதை முதலில் கிழித்துப் போடுங்கள் தம்பி. முப்பது வருடமாக அச்சகத்தில் இருக்கிறேன். ஆவி வளையாத காபி லோகோ என் கண்ணில் பட்டது குறைவு.

ஆனால் பார்டர் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கின் அந்த நீல வெள்ளை பேப்பர் கப்பைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஆன்தோரா. 1963-ல் லெஸ்லி பக் என்பவர் ஷெரி கப் கம்பெனிக்காகச் செய்தது. கிரேக்கக் கொடியின் நிறம், விளிம்பில் கிரேக்கக் கோலம், பக்கத்தில் ஆம்ஃபோரா ஜாடி. அந்த ஊர் டைனர்கள், அதாவது சின்ன உணவகங்கள், பலவற்றைக் கிரேக்கர்கள் நடத்தினார்கள், அவர்களிடம் கப் விற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பக் கிரேக்கரும் இல்லை, ஓவியம் படித்தவரும் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர். 1994-ல் மட்டும் ஐம்பது கோடி கப் விற்றிருக்கிறது. ஆம்ஃபோராவின் பெயரே வாய்தவறித்தான் ஆன்தோரா ஆனது என்பார்கள்.

ஆக, மேலோட்டமான கோலமும் ஜெயிக்கும். யாருக்காகப் போடுகிறோம் என்பது தெளிவாக இருந்தால்.

நூலிழை | செவ்வாய், காலை 7.40

அச்சுமை அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. அது டைனர். அங்கே கிரேக்க ஜாடி கப்பில் மட்டும்தான் இருந்தது. இங்கே அசல் ஜாடி மாடியில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கால் வலியோடு கீழே வருகிறவருக்கு அதே ஜாடியை மட்டமான அச்சில் இன்னொரு தடவை காட்டுவது எதற்கு?

இதே வேலையை நன்றாகச் செய்த இடங்களைப் பாருங்கள். நியூயார்க்கில் நோயே கலேரி என்ற அருங்காட்சியகம், 2001-ல் திறந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆஸ்திரிய, ஜெர்மன் கலைதான் அதன் சேகரிப்பு. அங்குள்ள கஃபே சபார்ஸ்கி கப்பில் ஓவியம் அச்சடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஜோசஃப் ஹாஃப்மனின் விளக்குகள், அடால்ஃப் லூஸின் நாற்காலிகள், இருக்கைகளில் ஆட்டோ வாக்னர் 1912-ல் வடிவமைத்த துணி. மாடியில் பார்த்த காலத்துக்குள்ளேயே உட்கார்ந்து காபி குடிக்கிறீர்கள்.

வாஷிங்டனில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசிய அருங்காட்சியகத்து உணவகத்துக்குப் பெயர் மிட்சிட்டாம். டெலவேர், பிஸ்காட்டவே மக்களின் மொழியில் 'சாப்பிடலாம் வாங்க' என்று பொருள். இறகும் இல்லை, அம்பும் இல்லை. ஒரு சொல்லிலேயே வேலை முடிந்துவிட்டது.

எழுத்தாணி | செவ்வாய், காலை 9.18

மூன்றாவது மாதிரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் துறை அதுதான்.

ஒரு மக்களின் எழுத்தைப் போல இன்னோர் எழுத்தை வளைப்பது பழைய வியாதி. 1883-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து எழுத்து வார்ப்பகம் 'சைனீஸ்' என்ற பெயரில் ஓர் எழுத்துரு வெளியிட்டது. பின்னாளில் அதற்கு 'மாண்டரின்' என்று பெயர். தூரிகைக் கீற்றுகளைத் துண்டு துண்டாக அடுக்கிச் செய்த ஆங்கில எழுத்து. சீனமொழி படிக்கத் தெரிந்தவருக்கு அதில் சீனம் எதுவும் இல்லை. அதன் வாரிசுகள் இன்னும் உணவகப் பலகைகளில் தொங்குகின்றன. நோய்லாண்ட் என்ற எழுத்துருவின் கதை இன்னும் வேடிக்கை. 1923-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் கோச் வெட்டியது. எப்படியோ 'ஆப்பிரிக்கா', 'காட்டுப் பயணம்' என்றாலே அதைத் தூக்கி வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. கோச்சுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

கல்வெட்டு எழுத்து வேண்டுமென்றால் கல்வெட்டின் எழுத்தையே போடுங்கள், வாசிக்கத் தெரிந்தவரிடம் சரிபார்த்து. சாயல் வேண்டாம். மெனு பலகைக்கு நல்ல, சாதாரண எழுத்துரு போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கட்டும். இணையத்துக்கான அணுகல் அளவுகோல்தான், பலகைக்கும் அது குறைந்தபட்சமாக உதவும். மண்நிறத்தின் மேல் இன்னொரு மண்நிறம் 'பண்பாட்டோடு' இருக்கும், படிக்கத்தான் முடியாது.

மூலைமேசை | செவ்வாய், மதியம் 1.30

ஒரு காபிக் கடைக்கு இவ்வளவா? காபி நன்றாக இருந்தால் வருவார்கள்.

நூலிழை | செவ்வாய், மதியம் 1.52

1988-ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமே, 'அருமையான காபிக் கடை, கூடவே சுமாரில்லாத ஓர் அருங்காட்சியகம்' என்ற பொருளில் விளம்பரம் போட்டது. பலருக்குக் கோபம். இன்றும் அந்த அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த விளம்பரமும் கூடவே வரும். காபிக் கடை லேசான விஷயமில்லை மூலைமேசை.

அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மூன்று சிற்றுண்டி அறைகள் கட்டினார்கள். அதில் ஒன்று, 1860களில், வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் கம்பெனிக்குப் போனது. கம்பெனி தொடங்கிச் சில வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்து கேம்பிள் அறை. சுவரும் தூணும் பீங்கான் ஓடு. அழகுக்காக மட்டும் இல்லை. துடைத்தால் சுத்தமாகும், தீப்பிடிக்காது. சமையல் கறையிலிருந்து பிறந்த அலங்காரம் அது. கரிக்கோல், உங்கள் பார்டர் எந்தத் தேவையிலிருந்து வந்தது?

கரிக்கோல் | செவ்வாய், இரவு 8.47

உண்மையைச் சொன்னால், கப்பில் வெற்றிடம் இருந்தது, நிரப்பினேன்.

இன்று இன்னொரு அடி. அந்தப் பார்டர் துணியைப் பற்றிச் சேகரிப்புப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அது சாவுச் சடங்கில் உடலின்மேல் போர்த்தும் துணியாம். நான் அதை நாப்கினில்கூடப் போட்டு வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அதுதான் தாங்கவில்லை.

காட்சிப்பேழை | செவ்வாய், இரவு 11.20

நான் வேறோர் அருங்காட்சியகத்தில் சேமிப்பறையில் வேலை செய்கிறேன். இந்த இடத்தில் எல்லோருக்கும் கால் இடறும், உங்களை மட்டும் நொந்துகொள்ளாதீர்கள்.

1994-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. மில்பருரு எதிர் இன்டோஃபர்ன். பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை எடுத்து வியட்நாமில் தரைவிரிப்புகளாக நெய்து இறக்குமதி செய்திருந்தார்கள். படங்கள் எங்கிருந்து கிடைத்தன? தேசிய கலைக்கூடம் நல்லெண்ணத்தோடு வெளியிட்ட ஒரு படத்தொகுப்பிலிருந்து. சில ஓவியங்கள் புனிதக் கதைகளைச் சொல்பவை. அவற்றின்மேல் ஆட்கள் நடப்பார்கள். அந்த மன வேதனையையும் கணக்கில் எடுத்துத்தான் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பொருளில் போடுகிறோமோ அதன் கடைசி நிமிடத்தை நினைத்துப் பார்ப்பேன். கப் கசங்கிக் குப்பைத் தொட்டியில் கிடக்கும். நாப்கின் வாய் துடைத்துச் சுருட்டப்படும். கால்மிதியில் சேறு இருக்கும். அந்த நிலையில் இந்த உருவத்தை அதன் சொந்தக்காரர் பார்த்தால் என்ன ஆகும்?

படத்துக்கான உரிமை தனி விஷயம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் மூன்றே முக்கால் லட்சம் படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. சட்டப்படி நாப்கினிலும் போடலாம். எது எங்கே பொருந்தும் என்று அந்த உரிமம் சொல்லித்தராது.

அப்புறம் ஒன்று. நீங்கள் பொருளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் தினமும் பார்ப்பது அதன் அடியை. பானையைத் திருப்பினால் அடிப்புறத்தில் நெல்மணி அளவு இலக்கங்களில் ஓர் எண் இருக்கும். நேராக மண்மேல் எழுத மாட்டோம். நிறமில்லாத பிசின் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மையால் எண், மேலே இன்னொரு பூச்சு. நாளைக்கு எண் மாறினால் பானைக்குக் கீறல் படாமல் துடைத்துவிடலாம். எண்ணிலும் பொதுவாக மூன்று பகுதி இருக்கும்: பொருள் வந்த ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது உருப்படி. யாருடைய சடங்கையும் தொடாத, முழுக்க அருங்காட்சியகத்துக்கே சொந்தமான ஒரு பழக்கம் இது.

கரிக்கோல் | புதன், காலை 6.15

தூக்கம் வரவில்லை, உங்கள் எண்ணையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை திறக்கும் ஆண்டு, புள்ளி, 1, புள்ளி, கப்பின் அளவு. கப்பின் அடியில் சிறிய இலக்கத்தில். குடித்து முடித்துத் தூக்கிப் பார்க்கிறவர் மட்டும் கண்டுபிடிக்கட்டும்.

அச்சுமை | புதன், காலை 8.02

ஆசைக்குக் குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். பீங்கான் கோப்பை என்றால் அடியில் போடலாம். பேப்பர் கப்பின் அடித்தட்டு தனிச் சுருளிலிருந்து வெட்டி ஒட்டுவது. பெரும்பாலும் அதில் அச்சு கிடையாது. உங்கள் அளவு ஆர்டருக்கு யாரும் மெஷினைத் திருப்ப மாட்டார்கள்.

இன்னும் சில விஷயம், இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கப் மேலே அகலம், கீழே குறுகல். அதனால் விரித்து வைத்த காகிதம் செவ்வகம் இல்லை, விசிறி வடிவம். நேர்கோட்டுப் பார்டரை அப்படியே விசிறியில் வைத்தால் கப்பில் அது வளைந்து தொங்கும். கோட்டை வில்லாக வளைத்து வரைய வேண்டும். இரண்டு ஓரமும் சேருகிற ஒட்டில் கோலம் ஒருநாளும் சரியாகச் சந்திக்காது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போகும். மேல் விளிம்பு மூடிக்குள் போய்விடும். கப்புக்குப் பயன்படும் ஃப்ளெக்ஸோ அச்சில், அதாவது வளையும் தகட்டு அச்சில், மெல்லிய கோடு தடித்துவிடும். கருப்பில் வெள்ளையாக விட்ட சின்ன எழுத்து அடைத்துக்கொள்ளும். பழுப்புக் காகிதக் கப் என்றால் வெளிர் நிறத்தை மறந்துவிடுங்கள், காகிதத்தின் நிறம் மேலே ஏறிவிடும்.

திரையில் அழகாக இருக்கும் மாதிரிப் படத்தை நம்பாதீர்கள். சாதாரணத் தாளில் அச்செடுத்து விசிறியாக வெட்டி ஒட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். பிடித்த கை எதை மறைக்கிறது என்றும் பாருங்கள்.

மூலைமேசை | புதன், காலை 11.11

முதலில் கிண்டல் அடித்தேன், மன்னிக்கவும். நான் கேட்டரிங் பக்கம். யாரும் பேசாத விஷயம் ஒன்று: அருங்காட்சியகக் காபிக் கடைகள் பலவற்றை வெளி ஒப்பந்தக்காரர்தான் நடத்துவார். சில வருடத்தில் ஆள் மாறுவார். பெயரும் லோகோவும் யார் பேரில் இருக்கிறது? நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் பழைய ஆள் கடைப் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல் பலகை இருந்த இடத்தில் ஒரு வருடம் நான்கு ஆணித்துளைதான் இருந்தது.

அருங்காட்சியகத்தின் பெயரிலேயே வணிகக்குறி பதியச் சொல்லுங்கள். உணவகச் சேவைக்கு வகுப்பு 43. காபித்தூள் பொட்டலம் விற்பதாக இருந்தால் 30, கோப்பை விற்றால் 21.

கரிக்கோல் | வியாழன், இரவு 10.33

அச்சுமை அண்ணன் சொன்னபடி தாளில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டில் கோலம் மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போனது, சொல்லிவைத்த மாதிரி. எரிச்சலில் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டேன்.

காட்சிப்பேழை சொன்ன எண்ணைப் பார்க்கத்தான் சேமிப்பறையைத் திறக்கச் சொன்னேன். பக்கத்து மேசையில் ஒட்டவைத்த ஒரு பானை இருந்தது. இருபது முப்பது துண்டுகள் இருக்கும். தோளில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு கிடைக்கவே இல்லையாம். அந்த இடத்தைச் சுதை வைத்து அடைத்து மண்நிறம் பூசியிருக்கிறார்கள். ஆனால் அசலைவிட ஒரு பிடி வெளிறலாக. பானையைச் சுற்றி ஓடும் கீறல் கோடுகள் அந்த இடத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகின்றன. அடுத்த ஓரத்தில் மறுபடி தொடங்குகின்றன. நடுவில் வெறுமை.

கோட்டையும் தொடர்ந்து வரைந்திருக்கலாமே என்று கேட்டேன். "இல்லாத கோட்டை நாங்கள் எப்படிப் போடுவது?" என்றார் பழுதுபார்ப்பவர். ஆறு அடி தள்ளி நின்றால் கண்ணை உறுத்தக் கூடாது, ஆறு அங்குலத்தில் பார்த்தால் எது அசல், எது அடைப்பு என்று தெரிய வேண்டும், அதுதான் கணக்காம்.

எனக்குக் கப்பின் ஒட்டு ஞாபகம் வந்துவிட்டது.

கோடுகள் கப்பைச் சுற்றி வரட்டும். ஒட்டை நெருங்கும்போது நின்றுவிடட்டும். ஒட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் ஓட்டுத்துண்டின் வடிவில் வெறும் காகிதம். அதற்குள், ஒட்டு மேலே படாமல் ஓரமாகத் தள்ளி, சின்னதாக அந்த எண். ஒரே மை. கோடுகள் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லை.

நூலிழை | வியாழன், இரவு 10.58

இதுதான். தேவையிலிருந்து வந்திருக்கிறது.

அச்சுமை | வியாழன், இரவு 11.04

அச்சடிப்பவன் இதற்காக உங்களைக் கும்பிடுவான். ஓட்டுத்துண்டின் ஓரம் ஒட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு எட்டு மில்லிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

வெண்சுருள் | வெள்ளி, காலை 9.00

புது ஆள், இழை முழுதும் படித்தேன். அந்த வெற்றிடத்தைத் தங்க நிறத்தில் போட்டால் ஜொலிக்குமே? உடைந்த கோப்பையைத் தங்கத்தால் ஒட்டும் கின்ட்சுகி மாதிரி.

காட்சிப்பேழை | வெள்ளி, காலை 9.41

வாங்க. கின்ட்சுகி ஜப்பானியர்களின் அரக்கு வேலை. அதில் உடைவைத் தூக்கிக் காட்டுவார்கள். இந்தச் சேமிப்பறையில் நடப்பது நேரெதிர், அடைப்பு அடக்கமாக ஒதுங்கி நிற்கும். அந்தப் பானைக்குத் தங்கம் பூசினால் வேறு வீட்டு நகையைப் போட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும்.

எழுத்தாணி | வெள்ளி, காலை 10.26

லோகோவையும் இதே வழியில் யோசியுங்கள், ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆலன் ஃப்ளெச்சர் 1989-ல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டுக்குச் செய்த குறியில் ஆங்கில ஏ எழுத்தின் ஒரு கால் கிடையாது. நடுவில் இருக்கும் 'அண்ட்' குறிதான் அதைத் தாங்கிப் பூர்த்தி செய்கிறது. இல்லாததைக் கண் நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனாலேயே அதன் பக்கத்தில் போகாதீர்கள். எழுத்தை உடைக்க வேண்டாம். பெயர் முழுதாக, நேராக இருக்கட்டும். உடைவு கோட்டோடு நிற்கட்டும்.

கரிக்கோல் | அடுத்த புதன், மாலை 6.20

குழுவிடம் காட்டிவிட்டேன். திரை இல்லை, ஒட்டிய ஏழு தாள் கப்புகள், ஆளுக்கு ஒன்று. ஐந்து பேர் கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அச்சுப் பிழையா இது?" என்றார். இன்னொருவர், "பண்பாடு எங்கே?" என்றார். பொறுப்பாளர் எழுந்துபோய் அந்தப் பானையைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கப்புறம் கேள்வி வரவில்லை.

ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்குப் பானையைத் தூக்கிக் காட்ட ஆள் இருக்காதே. கப்பில் இரண்டு வரி விளக்கம் போடலாமா?

நூலிழை | அடுத்த புதன், மாலை 6.44

வேண்டவே வேண்டாம். விளக்கம் போட்டால் மறுபடி பரிசுப்பொருள் கடை.

காட்சிப்பேழை | அடுத்த புதன், இரவு 7.30

பானையின் பேழையைக் காபிக் கடை வாசலுக்கு மாற்றச் சொல்லுங்கள். சுட்ட மண் கொஞ்சம் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும், பேழை நன்றாக மூடியிருந்தால் போதும். நெசவு எதையும் அந்தப் பக்கம் கொண்டு வர வேண்டாம். உணவு இருக்கும் இடத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் துணி பிடிக்கும்.

கரிக்கோல் | அடுத்த வெள்ளி, மதியம் 12.10

பேழை மாறுகிறது, ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அடைப்பு இருக்கும் பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்திருந்தார்களாம் இத்தனை நாளும். இப்போது அந்தப் பக்கம் கடையைப் பார்த்து இருக்கும். வணிகக்குறி அருங்காட்சியகத்தின் பேரிலேயே விண்ணப்பமாகிவிட்டது, மூலைமேசைக்கு நன்றி. நாப்கின் வெறும் வெள்ளை.

மூலைமேசை | அடுத்த வெள்ளி, மதியம் 12.35

நல்லது. கப் எத்தனை அளவு? மூன்று என்றாலும் வாய் அகலம் ஒன்றாக இருக்கிற மாதிரி எடுங்கள், ஒரே மூடி எல்லாவற்றுக்கும் பொருந்தும். கூட்ட நேரத்தில் மூடி தேடிக்கொண்டு நிற்கிற பையனுக்கு உங்கள் ஓட்டுத்துண்டு கண்ணில் படாது.

கரிக்கோல் | அடுத்த வெள்ளி, மதியம் 12.41

இரண்டே அளவு. ஒரே மூடி. விசிறி மட்டும் இரண்டு தனித்தனியாக வரைய வேண்டும், அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.